7,850 ரூபா போச்சு: ஒன்லைனில சைக்கிள் லைற் எடுக்கிற ஆக்கள் வாசியுங்கோ

பார்சல் வந்து இண்டைக்கு ஒன்பதாம் நாள். 7,850 ரூபா. முன் லைற் ஒண்டு, பின் லைற் ஒண்டு, மாத்திப் போட ரெண்டு செல். ஒண்டும் சொன்னபடி இல்லை. வெளிநாட்டுச் சாமான் இறக்கி விக்கிற ஒன்லைன் பக்கம் ஒண்டில எடுத்தது. பேர் எழுதேல்லை. இதே படத்தோட இதே சாமானை விக்கிற பக்கங்கள் நிறைய ஓடுது, அதால சாமானை அடையாளம் பிடியுங்கோ. எப்பிடிப் பாத்து வாங்கிறதெண்டும் கடைசியில சுருக்கமா எழுதிறன்.

வீடியோவில லைற்றை வாளித் தண்ணிக்குள்ள முக்கி எடுத்துக் காட்டினவை. போன் அடிச்சால் விக்கிறவர் உடன எடுத்துக் கதைச்சார். மாங்குளத்தில இருந்து ஒட்டுசுட்டான் பக்கம் இரவில ஓடவேணும், தெரு லைற் இல்லை, றோட்டில மாடு படுத்திருக்கும், யானை குறுக்க வரும், மழைக்கும் தாங்கவேணும் எண்டு எல்லாம் விளக்கமாச் சொன்னது. "அண்ணை, பயப்பிடாம எடுங்கோ. எங்கட அப்பான்ர சைக்கிளிலயும் இதுதான் பூட்டிக் கிடக்கு. ஒரு வருச வாரன்ரி" எண்டார். அந்த அப்பான்ர சைக்கிளிலதான் நம்பினது. பார்சல் கொண்டு வந்த தம்பி காசு தந்தாப் பிறகுதான் பிரிக்கலாம் எண்டார். அவரில பிழையில்லை.

முன் லைற்றில 6000 லூமன் (வெளிச்சத்தின்ர அளவு) எண்டு அச்சடிச்சிருக்கு. கணக்கைப் பாருங்கோ. நல்ல எல்ஈடி ஒரு வாற்றுக்கு 100 தொடக்கம் 150 லூமன் தரும். 6000க்கு ஆகக் குறைஞ்சது 40 வாற் வேணும். உள்ளுக்க கிடக்கிறது 3.7 வோல்ற் 18650 செல் ஒண்டே ஒண்டு. அதில இருந்து 11 அம்பியர் அளவில இழுத்தால்தான் 40 வாற் வரும். கட்டைவிரல் மொத்தத்தில இருக்கிற அலுமினியக் கூடு அந்தச் சூட்டுக்கு நிண்டுபிடிக்காது.

செல்லில 9900 எம்ஏஎச் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் எண்ட அளவு) எண்டு கிடக்கு. 18650 எண்டால் 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். அந்த உருளைக்குள்ள நல்ல கொம்பனிக்காரரே 3500ஐ ஒட்டித்தான் அடைக்கினம். தராசில வைச்சுப் பாத்தால் 27 கிராம். நல்ல செல் 45 கிராம் அளவில நிக்கும். பாரமில்லாத செல்லுக்குள்ள சரக்கில்லை. யுஎஸ்பி மீற்றர் பூட்டிச் சார்ஜ் ஏத்தினால் 840 எம்ஏஎச்சோட நிரம்பிட்டுது. முழு வெளிச்சத்தில 20 நிமிசத்தில மங்கத் தொடங்கி, 35 நிமிசத்தில மெழுகுதிரி. அந்த 840 எம்ஏஎச்சை 35 நிமிசத்தில முடிச்சதெண்டால் 5 வாற் அளவில எரிஞ்சிருக்கு, கூடிப்போனால் 600, 700 லூமன். அந்த வெளிச்சம் எங்கட றோட்டுக்குப் போதும்! 600 எண்டு உண்மையை எழுதி, ரெண்டு மணித்தியாலம் எரியிற செல்லைப் போட்டு வித்திருந்தால் ஒருத்தரும் குறை சொல்லியிருக்கமாட்டினம். இதில பாதி வழியில இருட்டு.

இதைவிட மோசம், செல் இறங்கினால் வெட்டிற சேர்க்கிற் இல்லை. மல்ரிமீற்றரில 2.1 வோல்ற் காட்டினது. 2.5க்குக் கீழ போன லித்தியம் செல்லைத் திருப்பிச் சார்ஜ் போட்டால் உள்ளுக்க ஷோட்டாகி நெருப்புப் பிடிக்கலாம்.

மழைக்குத் தாங்கும், ஐபிஎக்ஸ் 6 (தண்ணி புகாததைக் காட்டிற தரக் குறி) எண்டவை. கண்ணாடியைக் கழட்டினால் ரப்பர் வளையமே இல்லை. பின் லைற்றின்ர சார்ஜ் ஓட்டை கீழ்ப்பக்கம் இருக்கு, ரப்பர் மூடி இறுக்கமில்லை. பின் சில்லு எத்திற தண்ணி நேர அதுக்குள்ளதான் போகும். ஒரு மழையோட சுவிச் வேலை செய்யேல்லை. கார்த்திகை மழைக்கு என்ன செய்யும்?

சொன்னதுக்கு வந்த பதில்கள். முதல், "12 மணித்தியாலம் சார்ஜ் போடுங்கோ அண்ணை". பிறகு, "உங்கட சாச்சர் பிழை". தராசுப் படம் அனுப்பினால், "எல்லாச் செல்லும் அப்பிடித்தான்". பின் லைற்றைச் சொன்னால், "தண்ணி பட்டால் வாரன்ரி இல்லை". வாளிக்குள்ள முக்கிக் காட்டின அதே ஆக்கள்! "பொஸ் கொழும்பில, திங்கள் எடுப்பார்" எண்டதோட சரி. திங்கள் போய்ச் செவ்வாய் போனையும் புளொக் பண்ணிட்டினம். 7,850 ரூபா.

விவரமா எழுத இப்ப மனம் ஓடேல்லை. இதை மட்டும் பிடியுங்கோ: 18650 செல்லில 5000க்கு மேல எழுதிக் கிடந்தால் தொடாதேங்கோ. ஒற்றைச் செல் லைற்றில ஆயிரக்கணக்கில லூமன் போட்டிருந்தாலும் அப்பிடித்தான். கடையில நேர எடுத்தால் செல்லைக் கழட்டித் தராசில வைக்கச் சொல்லுங்கோ. பின்னுக்கு மின்சாரத்தை மட்டும் நம்பாமல் சிவப்பு ரிஃப்ளெக்டரும் பூட்டுங்கோ. பில் இல்லாமல் காசு குடுக்காதேங்கோ, பில் இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977இல முறையிடலாம். இந்தச் செல் ஏற்கெனவே வீட்டில கிடந்தால், சார்ஜில போட்டிட்டு நித்திரைக்குப் போகாதேங்கோ.