பவர்டோஸ்ட் பேக்கேஜ்: ஹைலி வேரியபிள் மருந்துக்கு சாம்பிள் சைஸ் போடறவங்க கண்டிப்பா வச்சுக்கணும்

பவர்டோஸ்ட் (PowerTOST), ஆர் (R)ங்கற புள்ளியியல் மென்பொருள்ல ஓடற பேக்கேஜ், காசு கிடையாது. புது மாத்திரை ஏற்கனவே இருக்கற ரெஃபரன்ஸ் மருந்து மாதிரியே ரத்தத்துல சேருதான்னு பாக்கற பயோஈக்விவலன்ஸ் ஸ்டடிக்கு எத்தனை வாலண்டியர் வேணும்னு கணக்கு போட்டுக் குடுக்கும். சாதாரண மருந்துக்கு எந்த டூல்ல போட்டாலும் ஒன்னுதான். ஒரே ஆளுக்கு ஒரே மாத்திரையக் குடுத்தாலும் ரத்தத்துல அளவு ஒவ்வொரு தடவையும் ஏறி இறங்கும் பாருங்க, அந்த ஆட்டத்தோட அளவுதான் சிவி. அது 30%ஐத் தொடுற மருந்துங்கதான் ஹைலி வேரியபிள், அங்கதான் இதோட அருமை தெரியும்.

சிவி 45%, ரேஷியோ (புது மருந்தோட அளவு / ரெஃபரன்ஸோட அளவு) 0.90, பவர் (ஸ்டடி பாஸ் ஆகற வாய்ப்பு) 80%, ஒவ்வொருத்தரும் நாலு பீரியட் வந்து ரெண்டு மருந்தையும் ரெண்டு ரெண்டு தடவை எடுத்துக்கற ரெப்ளிகேட் டிசைன்னு வச்சுக்கோங்க. ரேஷியோவோட 90% நம்பிக்கை இடைவெளி முழுசும் உள்ள விழவேண்டிய வழக்கமான 80-125% லிமிட்டுல போட்டா 84 பேர். அதையே ஐரோப்பாவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இஎம்ஏ முறையில போட்டா 28, அமெரிக்க எஃப்டிஏ முறையில 24! ரெஃபரன்ஸ் மருந்தே எவ்ளோ ஆடுதோ அதுக்குத் தக்கபடி லிமிட்டைத் தளர்த்துறாங்க, அதான் காரணம். ஆனா இஎம்ஏ சிமேக்ஸுக்கு (ரத்தத்துல மருந்தோட உச்ச அளவு) மட்டும்தான் விடும், எவ்ளோ ஆடினாலும் 69.84-143.19% தாண்ட விடாது. எஃப்டிஏ ஏயூசிக்கும் (ரத்தத்துல சேர்ற மொத்த அளவு) விடும், அந்த மாதிரி உச்சவரம்பும் இல்ல. லிமிட் தளர்ந்தாலும், ஸ்டடியில வர்ற ரேஷியோ 80-125%க்குள்ள இருக்கணுங்கறது ரெண்டு பேருக்கும் பொது.

இந்த ஏயூசி விஷயத்துலதான் நான் முன்னாடி இருந்த இடத்துல அடி வாங்கினோம். ஐரோப்பாவுக்குப் போற ஸ்டடி, சிமேக்ஸை மட்டும் வச்சு 28 பேர்னு முடிவு பண்ணிட்டாங்க, ஏயூசியோட சிவியும் 35% இருந்ததை யாரும் தனியா ஓட்டிப் பாக்கல, அதுக்கு 50 பேருக்கு மேல வேணும். ஏயூசி ஃபெயில். கடைசி பீரியட்ல ஒரு தம்பி கேனுலா போட ரெண்டு கையையும் நீட்டினான், முழங்கை மடிப்புல பழைய ஊசி போட்ட இடமெல்லாம் இன்னும் பச்சையாவே இருந்துச்சு. அவ்ளோ ரத்தமும் வீண். அதுலேர்ந்து ரெண்டையும் தனித்தனியா ஓட்டி, எது பெருசோ அதைத்தான் ப்ரோட்டோகால்ல போடறேன்.

இன்னொன்னு ரொம்பப் பிடிச்சது: சிவி 30% பக்கத்துல இருந்தா இஎம்ஏ முறையில ஈக்விவலன்ட் இல்லாத மருந்தும் பாஸ் ஆகற வாய்ப்பு 5%ஐத் தாண்டும், அதை ஆல்ஃபா (இப்படித் தப்பா பாஸ் பண்ண விடற வாய்ப்பு) குறைச்சு சரிக்கட்டவும் உள்ளேயே ஃபங்ஷன் இருக்கு.

குறைன்னா, பட்டன் எதுவும் இல்ல, ப்ரோக்ராம் கோட் (code) தான் டைப் அடிக்கணும். சிவியை 0.45னு குடுங்க, 45னு அடிச்சா 4500%னு எடுத்துக்கும். ரேண்டம் நம்பர் வச்சு ஓட்டற சிமுலேஷன்தான்னாலும், அந்த நம்பருங்க ஆரம்பிக்கற இடத்தை (சீட், seed) ஃபிக்ஸ் பண்ணியிருக்கறதால, ஆடிட்டர் எதிர்ல மறுபடி ஓட்டினாலும் அதே 28 தான் வரும்.