ரோட்டரி எவாப்பரேட்டர்: எதற்குப் பணம் கொடுக்கலாம்?

கரிமச் சேர்மங்களைப் படிப்படியாக உருவாக்கும் தொகுப்புக் கரிம வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வில் தொடங்கி மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு வரை எங்கே வேலை பார்த்தாலும், வேதிவினையை நடத்தும் நேரத்தைவிடக் கரைப்பானை நீக்கிக்கொண்டு நிற்கும் நேரமே பல நாட்களில் அதிகமாகிவிடுகிறது. அதற்கான கருவியை ஆய்வகத்தில் எல்லோரும் ரோட்டாவேப் என்றே சொல்கிறோம். எங்களிடம் சுவிட்சர்லாந்தின் பூக்கி நிறுவனக் கருவியும் உள்நாட்டுத் தயாரிப்பு ஒன்றும் அருகருகே ஓடுகின்றன. இரண்டிலும் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ராக்பெல்லர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த லைமன் கிரெய்க்கும் உடன் பணியாற்றியவர்களும் 1950-இல் வெளியிட்ட அமைப்பைப் பூக்கி 1957-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை. சுழலும் குடுவையின் உட்சுவரில் கரைசல் மெல்லிய படலமாகப் பரவுகிறது. பம்ப் காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைப்பதால் கொதிநிலையும் இறங்குகிறது. சாதாரணமாக 77 டிகிரியில் கொதிக்கும் எத்தில் அசிடேட் என்ற கரைப்பான் 240 மில்லிபாரில் 40 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். 111 டிகிரி கேட்கும் டொலுயீனுக்கு 77 மில்லிபார் போதும். சூடு தாங்காத சேர்மங்கள் பிழைப்பது இதனால்தான்.

குடுவையைச் சூடாக்கும் வெந்நீர்த் தொட்டி 60, ஆவி 40, குளிர்நீர் 20 டிகிரி என்று இருபது இருபதாக இறங்கி வருவது இக்கருவிக்கான பழைய விதி. நம் ஊர்ச் சிக்கல் தொடங்குவதே இங்குதான். மே மாதத்தில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாய் நீரே 30 டிகிரியைத் தாண்டிவிடும். ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கண்டன்சரில் அந்த நீரை ஓடவிட்டால், டைகுளோரோமீத்தேன் போன்ற கரைப்பான் சரியாகக் குளிராமல் பம்ப் வழியாக அறைக் காற்றில் கலக்கும். அதைச் சுவாசிப்பவர்கள் நாம்தான். ஆகவே நீரைக் குளிர்வித்துத் தரும் ‘சில்லர்’ என்ற கருவியைத் துணைக்கருவிப் பட்டியலில் போட்டுப் பேரம் பேசுவதை நான் ஏற்கமாட்டேன். குழாய் நீரின் ஓட்டத்தால் வெற்றிடம் உண்டாக்கும் ஆஸ்பிரேட்டரையும் விட்டுவிடலாம். அது நீரின் ஆவியழுத்தத்துக்குக் கீழே இறங்காது: 10 டிகிரி நீரில் 12 மில்லிபார் தரும் அதே கருவி 30 டிகிரி நீரில் 42-இலேயே நின்றுவிடும். வீணாகும் தண்ணீர் தனிக் கணக்கு.

சுழற்சியிலும் வெந்நீர்த் தொட்டியிலும் எங்கள் இரு கருவிகளுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. வேறுபாடு வெற்றிடக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. உள்நாட்டுக் கருவியில் வால்வைக் கையால் திருகியே அழுத்தத்தைக் குறைக்கிறோம். ஒரு கணம் அவசரப்பட்டால் நுரை குடுவையின் கழுத்தில் ஏறி, சேர்மத்தோடு சேகரிப்புக் குடுவைக்குள் போய் விழும். படிக்கு 80 விழுக்காடு விளைச்சல் கிடைத்தாலும் பத்துப் படிகள் கடந்தபின் மிஞ்சுவது சுமார் 11 விழுக்காடு என்னும் தொழிலில், கடைசிப் படியில் நேரும் அந்த நுரைக்கு என்ன விலை என்று தொகுப்பு வேதியியலாளரிடம்தான் கேட்க வேண்டும். அழுத்தத்தைப் படிப்படியாகத் தானே இறக்கும் கட்டுப்படுத்தி அந்த ஒரு காரணத்துக்காகவே காசுக்குத் தகும். பூக்கியில் குடுவையைப் பிடிக்கும் கிளிப்பே, எதிர்ப்பக்கம் திருகினால், இறுகிப்போன இணைப்பைத் தள்ளிக் கழற்றியும் விடுகிறது. சின்ன விஷயம்தான்; ஆனால் மற்றக் கருவியில் இறுகிய குடுவையை மரத்துண்டால் தட்டித் தட்டி எடுப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

உள்நாட்டுக் கருவியின் விலை பல மடங்கு குறைவு. பழுது பார்க்க ஆள் அழைத்தால் வந்துவிடுகிறார். சுழலும் பகுதியில் காற்று புகாமல் அடைக்கும் சீல் மட்டும் விரைவில் தேய்ந்து வெற்றிடம் கசியத் தொடங்கியது. மாற்று சீலுக்கு நெடுநாள் காத்திருந்தோம்.

புதிதாக ஆய்வகம் அமைப்பவர்களிடம் பணம் குறைவாக இருந்தால், உள்நாட்டு உடற்பகுதியை வாங்கி, மிச்சப்படும் தொகையை வெற்றிடம் உண்டாக்கும் டெஃப்லான் டயாஃப்ரம் பம்ப், வெற்றிடக் கட்டுப்படுத்தி, சில்லர் ஆகியவற்றில் போடுவதே சரி. தொடுதிரைக்குக் கூடுதல் பணம் வேண்டாம். வெற்றிடத்தில் கண்ணாடி நொறுங்கினால் சில்லுகள் சிதறாமலிருக்கப் பிளாஸ்டிக் பூசிய கண்ணாடியையே கேளுங்கள். இரண்டு சீல்களையும் ஒரு கூடுதல் கண்டன்சரையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கண்டன்சரின் அளவும் இணைப்பும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், உடைந்தபின் வெளியே தேடினால் பொருந்துவது கிடைப்பது அரிது.