சைகஸா, அரேகா பாமா: நாய் இருக்கும் வீட்டுக்கு எது?

வாசலில் வைக்கப் பனை மாதிரி ஒரு செடி வேண்டும் என்று நர்சரியில் கேட்டால், சைகஸையும் அரேகா பாமையும்தான் முதலில் காட்டுவார்கள். வீட்டில் நாய் உண்டா என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியம்.

அழகிலும் பராமரிப்பிலும் சைகஸ் ஒரு படி மேல். வெயில் தாங்கும், சில நாள் தண்ணீர் ஊற்றாவிட்டாலும் வாடாது, மெதுவாக வளர்வதால் வெட்டும் வேலையும் குறைவு. அரேகாவுக்குக் கவனிப்பு தேவை. உச்சி வெயிலில் இலை கருகும், மண் காய்ந்தால் நுனி பழுப்பாகும்.

நாய் வாய் வைத்தால் கதை தலைகீழ். ஜப்பானின் தெற்குத் தீவுகளைச் சேர்ந்த சைகஸ், பனைக் குடும்பமே இல்லை. இலை, தண்டு, வேர், விதை எல்லாவற்றிலும் சைகாசின் என்ற நச்சு இருக்கிறது. விதையில் மிக அதிகம். குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அதை உடைக்கும்போது உண்டாகும் பொருள் கல்லீரலைச் சிதைக்கிறது. ஒன்றிரண்டு விதைகளே நாயின் உயிரைப் பறிக்கலாம். பெண் செடியில்தான் விதை வரும், அதற்கும் பல வருடம் ஆகும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். நான் ஏற்கமாட்டேன். குட்டி நாய்க்கு இலையும் ஒன்றுதான், அடித்தண்டில் முளைக்கும் பக்கக் கன்றும் ஒன்றுதான். எதையும் கடித்துப் பார்க்கும்.

இதில் ஏமாந்துபோக நிறைய வாய்ப்பு உண்டு. தின்ற சில மணி நேரத்தில் வாந்தி, எச்சில் வடிதல், சோர்வு வரும். பிறகு தேறிவிட்டது போலத் தெரியலாம். இரண்டு மூன்று நாளில் ஈறு மஞ்சளாகும், மலம் கறுப்பாகும், வலிப்பும் வரலாம். மாற்று மருந்து கிடையாது. அதனால் தின்றதைப் பார்த்த உடனேயே, அறிகுறிக்குக் காத்திருக்காமல், செடியின் ஒரு துண்டோடு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். வாந்தி எடுக்க வைப்பதும் கரி மருந்து கொடுப்பதும் அவர் வேலை. வீட்டில் உப்புக் கரைசல் புகட்டினால் அதுவே தனி ஆபத்தாகும்.

மடகாஸ்கரிலிருந்து வந்த அரேகா பாமில் நாய்க்கு ஆகாத நச்சு இல்லை. நிறையத் தின்றால் நார் செரிக்காமல் வாந்தி எடுக்கலாம், அவ்வளவுதான். ஒரே ஒரு எச்சரிக்கை: பாக்கு மரக் கன்றை அரேகா என்று வாங்கிவிடாதீர்கள். பாக்கில் உள்ள அரிகோலின் நாய்க்குக் கெடுதல். ஒரு காலத்தில் நாயின் நாடாப்புழுவை வெளியேற்ற அதைக் கொடுத்தார்கள். வாந்தி, கடும் வயிற்றுப்போக்கு என்று படுத்தியதால் பாதுகாப்பான மருந்துகள் வந்ததும் கைவிட்டார்கள்.

கூடுதலாகத் தண்ணீர் ஊற்றும் சிரமத்தை ஏற்றுக்கொண்டு அரேகாவையே வாங்குங்கள் என்பேன். ஏற்கெனவே சைகஸ் இருந்தால், நாய் போக முடியாத மொட்டை மாடிக்கு மாற்றுங்கள், அல்லது நாய் வளர்க்காத ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். வெட்டிய இலையையும் பிடுங்கிய கன்றையும் தெருக் குப்பையில் திறந்து போடாதீர்கள். அங்கே கிளறித் தின்ன வரும் நாய்களை மருத்துவரிடம் தூக்கிப் போக யாரும் இல்லை.