லேப்டாப் ஆன் ஆகவில்லையா? டிஸ்க்கை மாற்றச் சொன்னால் கொஞ்சம் பொறுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் வட்டாரத்தில் லேப்டாப்பை ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நன்றாக இருந்த என் டிஸ்க்கைப் போய்விட்டது என்று சொல்லிக் கழற்றி, 9,700 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். பணத்தைவிட, தீபாவளி ஆர்டர் நேரத்தில் பறிபோன 11 நாள் எனக்குப் பெரிய நஷ்டம். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று ஏற்பட இருந்து, மயிரிழையில் தப்பியது.

எனக்குப் பள்ளத்தூர். வீட்டில் வைத்தே பலகாரம் செய்து கொடுக்கிறேன். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை, அதிரசம். சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் டின் டின்னாகப் போகும். சிங்கப்பூருக்கும் போகும். யாருக்கு எத்தனை கிலோ, எந்தத் தேதிக்கு, எந்த முகவரிக்கு, முன்பணம் எவ்வளவு என்பதெல்லாம் ஒரே ஒரு எக்செல் கோப்பில் இருந்தது. கூடவே ஆத்தாவின் குரலும் அந்த லேப்டாப்பில்தான் இருந்தது. ஒரு படி பச்சரிசிக்கு எவ்வளவு உளுந்து, வறுக்கும்போது எந்த வாசம் வந்தால் இறக்க வேண்டும் என்று ஆத்தா சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆத்தா தவறிவிட்டார்கள். அந்தப் பதிவுக்கு வேறு பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. அது என் தவறு.

இன்னொரு தவறும் என்னுடையதுதான். லேப்டாப் மெதுவாக ஓடுகிறதே என்று ஒரு வீடியோ பார்த்தேன். விண்டோஸ் தொடங்கும் முன்பே வருகிற அடிப்படை செட்டிங் திரையான பயாசுக்குள் போய், ஸ்டோரேஜ் என்ற பக்கத்தில் டிஸ்க் இயங்கும் முறை ஆர்எஸ்டி என்று இருப்பதை ஏஎச்சிஐ என்று மாற்றினால் வேகம் கூடும் என்று அதில் சொன்னார்கள். ஆன் செய்யும்போது எஃப்2 பட்டனைத் தட்டி உள்ளே போனேன். மாற்றினேன். ஏதோ எச்சரிக்கை வந்தது, ‘எஸ்’ கொடுத்தேன். அவ்வளவுதான். நீலத் திரை வந்து ‘இன்ஆக்சசபிள் பூட் டிவைஸ்’ (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கை அணுக முடியவில்லை) என்று நின்றது. அணைத்து ஆன் செய்தால் மறுபடியும் அதே திரை. நாலாவது தடவை கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

அந்த இடத்திலேயே மறுபடி எஃப்2 தட்டி, மாற்றியதைப் பழையபடி வைத்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அது எனக்குத் தெரியவில்லை. நாம் கை வைத்துக் கெடுத்துவிட்டோம், இனித் தொட்டால் இன்னும் கெட்டுப்போகும் என்ற பயம்தான் இருந்தது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் காரைக்குடிக்குப் போனேன்.

கடைப் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, மேசையில் நாலைந்து லேப்டாப்கள் என்று பார்க்க நல்ல கடைதான். நான் எதையும் மறைக்கவில்லை. பயாசில் இன்ன இடத்தில் இன்னதை மாற்றினேன், அதற்கப்புறம்தான் இப்படி ஆனது என்று தெளிவாகச் சொன்னேன். அந்தப் பையன் ஆன் செய்தான், நீலத் திரையைப் பார்த்தான், அணைத்தான்.

“ஹார்டு டிஸ்க் போயிருச்சு ஆச்சி. மாத்தணும்.”

“நான் செட்டிங் மாத்துனதாலயாப்பா?”

“அதனாலதான் அடி வாங்கியிருக்கும்.”

முழுக்க முழுக்கப் பொய். அன்றைக்கு எனக்கு அது பொய் என்று தெரியாது. தப்பு செய்தவள் என்ற நினைப்பில் இருந்தேன். அதனால் அவன் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். பாஸ்வேர்டு கேட்டான். ஒரு ஸ்டிக்கரில் எழுதி லேப்டாப்பின் முதுகில் ஒட்டிக்கொண்டான். டேட்டாவை எடுக்கத் தனிச் செலவு ஆகும் என்றான். எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, எடுத்துக் கொடு என்றேன். ரசீது கேட்டதற்கு, டெலிவரி எடுக்கும்போது தருகிறோம் என்றான்.

அப்புறம் நடந்ததெல்லாம் அலைக்கழிப்பு. இன்றைக்கு வா, நாளைக்கு வா, பார்ட் மதுரையிலிருந்து வர வேண்டும், இன்ஜினியர் லீவு. இங்கே அடுப்பு எரிகிறது, மாவு அரைத்தாயிற்று, யாருக்கு எத்தனை டின் என்று கையில் கணக்கு இல்லை. வாட்ஸ்அப்பைத் தோண்டித் தோண்டி ஆர்டர்களைச் சேகரித்தேன். ஏழெட்டுப் பேருக்குப் போன் போட்டு, “நீங்க என்ன ஆர்டர் சொன்னீங்க?” என்று கேட்டபோது கூசிப் போனேன். அப்படியும் இரண்டு பேருக்கு விட்டுப்போயிற்று. அதில் ஒருவர் பத்து வருஷ வாடிக்கையாளர்.

11ஆம் நாள் லேப்டாப் கிடைத்தது. டேட்டா எதுவும் கிடைக்கவில்லை, இரண்டு நாள் முயற்சி செய்தோம், டிஸ்க் சுத்தமாகக் காலி என்றார்கள். ஆனால் முயற்சி செய்ததற்கு 3,500. புது டிஸ்க் 4,200. விண்டோசும் ஆபீசும் போட்டதற்கு 1,500. சர்வீஸ் 500. ஒரு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் நீல மையில் நாலு வரி எழுதிக் கூட்டிக் கொடுத்தார்கள். அதுதான் ரசீதாம்.

அப்போது நான் சரியாகச் செய்த ஒரே காரியம், பழைய டிஸ்க்கைக் கேட்டது. தேவகோட்டையில் எனக்கு கிரைண்டரும் மிக்சியும் பார்த்துக் கொடுக்கிற ஒரு பெரியவர் இருக்கிறார். காயில் மாற்றினால் எரிந்த பழைய காயிலை நாம் கேட்காமலே பையில் போட்டுக் கொடுத்துவிடுவார். அந்தப் பழக்கத்தில் கேட்டேன். “பழசு எக்ஸ்சேஞ்சுல போயிருச்சு ஆச்சி” என்றார்கள். என் டிஸ்க்கை என்னைக் கேட்காமல் யாரிடம் கொடுத்தீர்கள், வாங்கிக் கொடுங்கள் என்று அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். முக்கால் மணி நேரம். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்க்க ஆரம்பித்ததும், உள்ளே போய் ஒரு மேசை டிராயரைத் திறந்து எடுத்து வந்தான். ஆள்காட்டி விரல் நீளத்தில் ஒரு பச்சைப் பட்டை. மேலே ஸ்டிக்கர், ஓரத்தில் பொன்னிறப் பல். இவ்வளவு சின்னதிலா ஆத்தா குரல் இருந்தது என்று நினைத்துக்கொண்டு சுருக்குப் பையில் போட்டுக்கொண்டேன்.

தீபாவளிக்கு என் அண்ணன் மகன் வந்தான். காரைக்குடி அரசு பொறியியல் கல்லூரியில் படிக்கிறான். நடந்ததைக் கேட்டவன், “அயித்தே, நீங்க மாத்துனது செட்டிங்தானே? அதுக்கு டிஸ்க் எப்படிப் போகும்?” என்றான். அன்று ராத்திரியே முகப்பில் பாய் விரித்து, லேப்டாப்பைக் கவிழ்த்து, ஸ்குரூக்களைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டான்.

முதலில் கண்டுபிடித்தது, பழைய டிஸ்க் 512 ஜிபி, 4,200 கொடுத்துப் போட்ட புதியது 256 ஜிபி. அடுத்தது, பயாசில் நான் மாற்றி வைத்த ஏஎச்சிஐ அப்படியே இருந்தது. நான் வாய்விட்டுச் சொன்ன அந்த ஒரு இடத்தைக்கூட அவர்கள் பழையபடி மாற்றிப் பார்க்கவில்லை. பழைய டிஸ்க்கைப் பொருத்தி, ஆர்எஸ்டிக்கு மாற்றி, சேவ் கொடுத்து ஆன் செய்தான். இந்தத் தடவையும் நீலத் திரைதான், ஆனால் வேறு நீலம். டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் என்ற வசதி, திறப்பதற்கான ரெகவரி கீயைக் கேட்டது. 48 இலக்க எண்.

விண்டோஸ் 11 ஹோமாக இருந்தாலும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்து உள்ளே போகிற லேப்டாப்களில் பெரும்பாலும் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். நமக்குத் தெரியவே தெரியாது. பயாசில் சில மாற்றங்கள் செய்தால் திருடன் கையில் சிக்கிவிட்டதோ என்று சந்தேகப்பட்டு அந்த எண்ணைக் கேட்கும். கடைக்காரர் பென்டிரைவ் வழியாக விண்டோஸ் போடுவதற்காக, பயாசில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பை அணைத்து வைத்திருந்தார், அதனால் கேட்டது. அந்த எண் நம் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கும். என் போனில் அந்தக் கணக்குக்குள் போனோம். பாஸ்வேர்டு மறந்து, ஓடிபி வாங்கி, புதிதாக மாற்றினோம். எண் கிடைத்தது. ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கட்டு. நான் போனைப் பார்த்து வாசிக்க, அவன் ஒவ்வொன்றாகத் தட்டினான். ஐந்தாவது கட்டில் ஒரு எண் தவறி, திரும்ப வாசித்தேன். என்டர் தட்டினான். புள்ளிகள் சுற்றின. என் பழைய முகப்புத் தூண் படம் திரையில் வந்தது. ஆர்டர் கோப்பு அப்படியே இருந்தது. ஆத்தா என்ற ஃபோல்டரைத் திறந்தேன். “உளுந்து செவந்துறக் கூடாதுத்தா” என்று குரல் வந்தது. அதற்குமேல் அன்றைக்கு என்னால் எதுவும் பேச முடியவில்லை.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. இப்படிப் பூட்டிய டிஸ்க்கை எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் பூட்டுப் படத்தோடு முதலில் அந்த எண்ணைத்தான் கேட்கும். இரண்டு நாள் டேட்டா எடுக்க முயற்சி செய்தோம் என்றார்களே, அந்த எண்ணை என்னிடம் யாரும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்காமல் எப்படி முயற்சி செய்தார்கள்? அந்த 3,500 ரூபாய்க்கு எந்த வேலையும் நடக்கவில்லை. உங்களிடமும் யாராவது டேட்டா ரெகவரி செய்ததாகப் பணம் கேட்டால், டிஸ்க் பூட்டியிருந்ததா, எந்தக் கீயைப் போட்டுத் திறந்தீர்கள் என்று கேளுங்கள். வருகிற பதிலிலேயே தெரிந்துவிடும். அவர்கள் பழைய டிஸ்க்கையே ஃபார்மட் செய்து விண்டோஸ் போட்டிருந்தால், அந்த எண் கையில் இருந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது. அதனால், ஆன் ஆகாத லேப்டாப்பைக் கொடுக்கும்போது ஃபார்மட் செய்யக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டுக் கொடுங்கள்.

முதலில் வந்த அந்த நீலத் திரை ஏன் வருகிறது என்பதையும் அண்ணன் மகன் விளக்கினான். விண்டோஸ் போட்ட நேரத்தில் டிஸ்க் எந்த முறையில் இருந்ததோ, அதற்கான டிரைவரை, அதாவது டிஸ்க்கோடு பேசுகிற சின்ன மென்பொருளைத்தான் தொடக்கத்தில் ஏற்றும். நாம் முறையை மாற்றிவிட்டால் டிஸ்க் இருப்பதே அதற்குத் தெரியாது. திரும்பப் பழைய முறைக்கு வைத்தால் தெரியும். வாசல் பூட்டை மாற்றிவிட்டுப் பழைய சாவியைப் போட்டால் கதவு திறக்காது, ஆனால் வீட்டுக்குள் இருப்பது எதுவும் போய்விடாது. என்ன மாற்றினோம் என்றே நினைவில்லை என்றால் பயாசிலேயே எல்லாவற்றையும் கம்பெனி வைத்தபடி மாற்றுகிற லோட் டிஃபால்ட்ஸ் என்று ஒன்று இருக்கும். கம்பெனியிலிருந்து வந்தபடியே விண்டோஸ் இருக்கிற லேப்டாப்பில் பெரும்பாலும் அதுவே போதும். இடையில் யாராவது வேறு முறையில் விண்டோஸ் போட்டிருந்தால் அது பொருந்தாமல் போகலாம், அப்போது இரண்டு முறையையும் ஒன்று மாற்றி ஒன்று வைத்துப் பார்க்கலாம். பயாசுக்குள் போவதற்கு முன்னால் அந்த 48 இலக்கக் கீ கையில் இருக்கட்டும். எதையும் மாற்றுவதற்கு முன்னால் அந்தத் திரையைப் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்திருந்தால் கடைக்கே போயிருக்க மாட்டேன்.

1,500 ரூபாய்க்குப் போட்டுக் கொடுத்த விண்டோசையும் சொல்ல வேண்டும். என் லேப்டாப் வாங்கும்போதே விண்டோஸ் 11 ஹோமுக்குக் காசு கொடுத்தாயிற்று. அந்த உரிமம் லேப்டாப்பின் போர்டிலேயே பதிந்திருக்கும், அதே ஹோமைத் திரும்பப் போட்டால் காசு கேட்காமல் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். இவர்கள் போட்டது விண்டோஸ் 10 ப்ரோ, திருட்டுப் பிரதி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவையே மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு முடித்துவிட்டது. திருட்டுப் பிரதியை ஓட வைக்கிற கிராக் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக, விண்டோசின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரையும் அணைத்து வைத்திருந்தார்கள். அதில் நான் இரண்டு வாரம் பேங்க் வேலையெல்லாம் பார்த்திருக்கிறேன். உடனே எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றினேன்.

மறுநாள் கடைக்குப் போய் லேப்டாப்பை அவர்கள் மேசையிலேயே ஆன் செய்து காட்டினேன். முதலில் “அதிர்ஷ்டம் ஆச்சி, சில நேரம் வந்துரும்” என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பேச்சு மாறிவிட்டது. “நீங்க வியாபாரத்துக்கு வச்சிருக்கிற லேப்டாப்பு, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாது” என்றார் முதலாளி. அதுவும் தவறு. பிழைப்புக்காகத் தானே உழைத்துச் சுயதொழில் செய்கிறவர்களும் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. பொருளுக்கோ சேவைக்கோ பில் தராமல் இருப்பதையே முறையற்ற வணிகம் என்று அதே சட்டம் சொல்கிறது. வீட்டுக்கு வந்ததும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போட்டுப் புகாரைப் பதிவு செய்தேன். தமிழிலேயே பேசலாம். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், நமக்குச் சிவகங்கை. நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

விசிட்டிங் கார்டு, 256 ஜிபி டிஸ்க், பாஸ்வேர்டு எழுதிய அந்த ஸ்டிக்கர், ஜிபேயில் பணம் போன திரையின் போட்டோ எல்லாம் ஒரு கவரில் இருக்கின்றன. ஆத்தா பதிவை மூன்று இடத்தில் பிரதி எடுத்தாயிற்று. 48 இலக்க எண்ணைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பெட்டகத்தில் வைத்திருக்கிறேன்.

போன வாரம் கடையிலிருந்து போன் வந்தது. 3,500-ஐ மட்டும் திருப்பித் தருகிறோம், புகாரை எடுத்துவிடுங்கள் என்றார்கள். 9,700-ம் வந்தால் எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.