வைப்பு வட்டியா, வருட வசூலா? மாணவர் நடத்தும் அறநிதிக்கு எது சரி

உயர்தர வகுப்பு மாணவர்களே விண்ணப்பம் வாங்கி, தெரிவு செய்து, ஊர்த் தேவைகளுக்கு உதவித் தொகை கொடுக்கும் சிறு அறநிதிக்கு இரண்டு வழி உண்டு. பெரிய முதலொன்றைத் திரட்டி நிலையான வைப்பில் போட்டு, வட்டியை மட்டும் கொடுக்கலாம். அல்லது அந்தந்த வருடம் சேர்ந்ததை அந்தந்த வருடமே கொடுத்து முடிக்கலாம். திருகோணமலையில் இப்படியொரு குழுவுக்குப் பொறுப்பாசிரியராக இருக்கும் நான் இரண்டாவதைத்தான் எடுத்தேன். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை.

வைப்பின் நன்மை எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதல் கரையாது, வருடாவருடம் கடை கடையாக ஏற வேண்டாம். 8 சதவீத வட்டி என்று வைத்தால் பத்து இலட்சத்துக்கு வருடம் 80,000 ரூபா. அதில் 10 சதவீத வரியைப் பிடித்தாலும் 72,000 மிஞ்சும். மோசமில்லை. ஆனால் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். முதல் கரையாது என்ற பேச்சை அந்த வருடத்தில் வைப்பு வைத்திருந்த யாரிடமாவது சொல்லிப் பாருங்கள்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறொன்று: பிள்ளைகளிடம் கணக்குக் கேட்பது யார்? வட்டிப் பணத்துக்கு வங்கி கணக்குக் கேட்காது. முதலைத் தந்தவர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார், வருட அறிக்கை போனால் அவருக்குச் சரி. வசூல் பணம் அப்படி இல்லை. ஆயிரம் ரூபா தந்த கடைக்காரர், அடுத்த தடவை கொப்பி வாங்கப் போகிற பிள்ளையை மறித்து, "என்ன பிள்ளை, அந்த முன்பள்ளிக்குத் தண்ணித் தாங்கி வைச்சாச்சா?" என்று கேட்டுவிடுவார்.

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்ததும் விண்ணப்பத்தை வாசிக்கும் விதமே மாறுகிறது. மூதூர்ப் பக்கம் ஒரு மீனவர் சங்கம் வலை கேட்டால், வலை யார் பெயரில் இருக்கும், கிழிந்தால் யார் தைப்பது என்று அவர்களே கேட்கிறார்கள். வெருகலில் தாங்கி வைத்தால் அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று நேரில் போய்ப் பார்க்கிறார்கள். இல்லை என்று சொல்வதற்கும் காரணம் எழுதிக் கொடுக்கிறார்கள். கூட்டத்தில் என் வேலை பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "கடைக்காரர் கேட்டால் என்ன சொல்வீர்கள்?" தீர்மானத்தில் நான் கை வைப்பதில்லை.

இன்னொரு வசதியும் இதில் வருகிறது. உயர்தரத்தின் இரண்டாம் வருடம் ரியூசனுக்குப் போய்விடும், கையில் இருப்பது முதல் வருடம்தான். திரட்டியவர்களே கொடுத்து, கொடுத்தவர்களே போய்ப் பார்ப்பதென்றால் அது அந்த ஒரு வருடத்துக்குள் முடிய வேண்டும். வங்கிக் கையெழுத்து எந்த முறையிலும் பெரியவர்களுடையதுதான், 18 வயது ஆக வேண்டுமே.

அமெரிக்காவின் மிச்சிகனில் 1980களின் இறுதியிலிருந்து கெலொக் அறக்கட்டளையின் உதவியோடு வைப்பு நிதிகளை உருவாக்கி, பங்கிடும் பொறுப்பை இளையோர் குழுக்களிடம் விட்டார்கள். நன்றாகவே நடக்கிறது. ஆனால் அக்குழுக்களுக்குப் பின்னால் சம்பளம் வாங்கும் அறக்கட்டளை ஊழியர்கள் நிற்கிறார்கள். இங்கே பாடவேளை முடிந்து வருகிற ஓர் ஆசிரியர்தான்.

வசூலுக்கும் குறை உண்டு. மீன் இல்லாத மாதத்தில் கடைத்தெருவிலும் காசு இராது. பணம் தந்தவரே தன் ஊருக்குச் சிபாரிசு பிடிப்பார். அதற்காக, தந்தவர்களின் பெயர்ப்பட்டியல் தெரிவுக் கூட்டத்துக்கு வராது என்று விதி வைத்திருக்கிறோம், அது பாதிதான் பலிக்கிறது. ஊர் சிறிது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

வைப்பு நிதியை நானே நடத்தியதில்லை, பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. யாராவது பெரிய தொகை தர வந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதை ஐந்து பங்காக்கி, பிள்ளைகள் திரட்டும் தொகைக்கு ஈடாக மட்டும் வருடத்துக்கு ஒரு பங்கை விடச் சொல்வேன். அவர்கள் திரட்டாத வருடம் அந்தப் பங்கும் வங்கியிலேயே கிடக்கட்டும்.