டீசல் கேபின் குரூசரைக் குளிர்காலத்துக்கு ஒதுக்கும் வழிகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

ஒன்டாரியோ ஏரியின் வடகரையில், டொராண்டோவிலிருந்து கிங்ஸ்டன் வரை, படகுக் காலம் அக்டோபர் நடுவோடு முடிந்துவிடுகிறது. டிரென்ட்-செவர்ன் நீர்வழியின் லாக்குகளும் (படகை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகள்) அக்டோபரின் இரண்டாம் திங்களான தேங்க்ஸ்கிவிங்கோடு மூடிவிடும். அதிலிருந்து ஏப்ரல் கடைசி வரை எஞ்சின் ஓடாமல் கிடக்க வேண்டும். ஜனவரி இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி செல்சியஸைத் தொடுவது இங்கே புதிதல்ல. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். அதற்கு இடம் கொடுக்க வார்ப்பிரும்பாலும் வெண்கலத்தாலும் முடியாது.

இங்கே எடுத்துக்கொள்வது 30 முதல் 35 அடி நீளமுள்ள, ஒற்றை ஷாஃப்ட் (புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டு), ஹீட் எக்ஸ்சேஞ்சர் (எஞ்சினுக்குள் சுற்றும் கூலன்ட்டை ஏரிநீரால் ஆற்றும் கருவி) வைத்த டீசல் படகு. கம்மின்ஸ் 6பிடிஏ 5.9 போன்ற எஞ்சினை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வழிகளை ஒப்பிடும்போது செலவையும் சௌகரியத்தையும் மட்டும் பார்த்தால் போதாது. வேலையில் ஒரு சிறு பிசகு நேர்ந்தால் வசந்தத்தில் அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதுதான் இந்த அலசலின் அளவுகோல்.

தண்ணீரிலேயே விடுவதா, கரையேற்றுவதா?

தண்ணீரில் விட்டால் கிரேன் கூலி மிச்சம். எஞ்சின் அறையைச் சுற்றி ஏரிநீர் இருப்பதால், வெளியே மைனஸ் 20 இருந்தாலும் உள்ளே அவ்வளவு இறங்காது. படகைச் சுற்றிப் பனிக்கட்டி இறுகாமல் இருக்க, அடியிலிருந்து காற்றுக்குமிழி விடும் பப்ளர் ஓட வேண்டும். தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிக அடர்த்தியோடு இருக்கும். அடியில் தங்கும் அந்தச் சற்று வெதுவெதுப்பான நீரை பப்ளர் மேலே கிளப்பிவிடுகிறது. ஆழம் குறைந்த இடத்தில் இது சரியாக வேலை செய்யாது. மின்சாரம் ஒரு நாள் போனால் மொத்த ஏற்பாடும் நின்றுவிடும்.

இதைவிடக் கவலைக்குரியது சீகாக், அதாவது படகின் அடியில் ஏரிநீர் உள்ளே வரும் துளையை மூடும் வால்வு. தண்ணீரில் இருக்கும் படகில் எல்லா சீகாக்கையும் மூடித்தான் ஆக வேண்டும். இந்த உருண்டை வகை வால்வை (ball valve) மூடும்போது உள்ளிருக்கும் உருண்டையின் துளையில் கொஞ்சம் தண்ணீர் சிக்கிக்கொள்ளும். அது உறைந்து வால்வின் உடலைப் பிளந்தால், பனி உருகும் நாளில் படகு மூழ்கும். கரையில் இதே பிசகு நடந்தால் போவது ஒரு வால்வு மட்டும்.

கரையேற்றிய படகின் எஞ்சின் அறை வெளிக்காற்று அளவுக்கே குளிரும் என்பது உண்மைதான். ஆனால் சீகாக்குகளைத் திறந்து வடிக்கலாம், பிறகு கைப்பிடியைப் பாதி திறந்த நிலையில் விடலாம்; உருண்டைக்குள் சிக்கியதும் அப்போது வெளியேறிவிடும். புரொப்பெல்லர், ஷாஃப்ட் பேரிங், ஆனோடு எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கலாம். ஆனோடு (மற்ற உலோகங்களுக்குப் பதில் தான் அரிபடும் துண்டு) பற்றி ஒன்று: ஏரி நன்னீர் என்பதால் படகின் உடலுக்கு மெக்னீசியம்தான் பொருத்தம். உப்புநீருக்கு ஏற்ற துத்தநாகம் நன்னீரில் மேல்படலம் பிடித்துச் செயலிழந்துவிடும்.

டொராண்டோவின் புளஃபர்ஸ் பார்க் படகுத்துறையில் போல, குளிர்காலம் முழுக்கப் படகிலேயே குடியிருந்து ஹீட்டர் ஓடவிடுபவர்களுக்குத் தண்ணீர் சரி. ஆளில்லாமல் விடும் படகுக்குக் கரைதான். எதை எடுத்தாலும் காப்பீட்டுப் பத்திரத்தில் குளிர்கால நிபந்தனை என்ன என்று முதலில் படியுங்கள்.

வடிப்பதா, ஆன்டிஃபிரீஸ் ஊற்றுவதா?

அதிகம் வாக்குவாதம் நடப்பதும், அதிகம் எஞ்சின் பாகங்கள் உடைவதும் இங்கேதான்.

ஏரிநீர் போகும் பாதையை முதலில் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: சீகாக், ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி), இம்பெல்லர் பம்ப் (ரப்பர் இறக்கைச் சக்கரத்தால் நீரை இழுப்பது), ஆஃப்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விப்பது), கியர் ஆயில் கூலர், ஹீட் எக்ஸ்சேஞ்சர், எக்ஸாஸ்ட் மிக்ஸிங் எல்போ (புகையோடு நீர் கலக்கும் வளைவு), மஃப்ளர் (சத்தம் அடக்கும் பெட்டி). எஞ்சினைப் பொறுத்து நடுவில் வரிசை மாறும். எதையும் விட்டுவிடக் கூடாது.

வெறுமனே வடிப்பவர்களின் வாதம் எளிது: தண்ணீர் இல்லையேல் உறைய எதுவும் இல்லை. கலப்படம், வீரியக்குறைவு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் வடிகால் துளைகள் சிறியவை. துருவும் சுண்ணாம்பும் அடைத்துக்கொள்ளும். வடிகால் பிளக்கைக் கழற்றியும் சொட்டாவது வரவில்லை என்றால் உள்ளே காலி என்று பொருளில்லை; கம்பி விட்டுக் குத்திப் பார்க்க வேண்டும். ஹோஸ் தொங்கும் வளைவுகளில் தண்ணீர் நிற்கும். மஃப்ளருக்கு அடியில் தனி வடிகால் உண்டு. அதை மறந்தால் பல லிட்டர் அப்படியே இருக்கும். இங்கே தவற விடும் ஒரே ஒரு பிளக், ஒரு ஆயில் கூலரின் விலை.

ஊற்றுபவர்களுக்கு அது அரை மணி நேர வேலை. சீகாக்கை மூடி, ஸ்ட்ரெய்னர் மூடியைத் திறந்து, எஞ்சினைச் சுமையில்லாத குறைந்த வேகத்தில் (ஐடிலில்) ஓடவிட்டு, உறைவதைத் தடுக்கும் ஆன்டிஃபிரீஸான இளஞ்சிவப்பு புரொப்பிலீன் கிளைகாலை ஊற்றுவார்கள். பின்னால் எக்ஸாஸ்ட்டில் சிவப்பு தெரிந்ததும் நிறுத்துவார்கள். சிக்கல் அந்த நிறத்தில்தான். மஃப்ளரிலும் கூலர்களிலும் தங்கியிருந்த தண்ணீரோடு கலந்து பாதி வீரியமான கலவையும் சிவப்பாகவே வரும்.

டப்பாவில் போட்டிருக்கும் எண்ணையும் சரியாகப் படிக்க வேண்டும். "மைனஸ் 50" என்பது பல பிராண்டுகளில் ஃபாரன்ஹீட். செல்சியஸில் மைனஸ் 46. அதுவும் குழாய் வெடிக்காத எல்லை. உறையத் தொடங்கும் புள்ளி அன்று. மைனஸ் 11, 12 செல்சியஸிலேயே அது கூழாகத் தொடங்கிவிடும். ஏற்கெனவே பாதி தண்ணீர் கலந்திருந்தால் மைனஸ் 20 இரவில் அது கல். எனவே "மைனஸ் 50" குடிநீர்க் குழாய்களுக்கு. எஞ்சினுக்கு "மைனஸ் 100" வகையை வாங்குங்கள். மலிவான சிலவற்றில் எத்தனால் கலந்திருக்கும். அதன் ஆவி தீப்பிடிக்கும், ரப்பரையும் உலர்த்திவிடும், வேண்டாம். கார் ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைகால் நஞ்சு. வசந்தத்தில் ஏரிக்குள் போகப்போகும் இந்தப் பாதையில் அதற்கு இடமே இல்லை.

முடிவு: இரண்டையும் செய்யுங்கள், இந்த வரிசையில். கரையில் முதலில் எல்லா பிளக்கும் திறந்து வடித்துவிட்டு, மஃப்ளரையும் காலி செய்து, பிளக்குகளை மூடுங்கள். பிறகு பம்பின் உள்வாய் ஹோஸை 20 லிட்டர் வாளியில் விட்டு, ஒருவர் ஊற்ற, ஒருவர் சாவியருகே நிற்க, ஐடிலில் ஓடவிடுங்கள். இந்த அளவு எஞ்சின் ஒரு வாளியை ஒரு நிமிடத்துக்குள் உறிஞ்சிவிடும். வாளி காலியாகும் முன் நிறுத்த வேண்டும். எக்ஸாஸ்ட்டில் கடைசியாக வருவதை ஒரு டம்ளரில் பிடித்து, புரொப்பிலீன் அளவுகோல் உள்ள ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒரு துளியை வைத்து உறைநிலையைக் காட்டும் கருவி) பாருங்கள். எண் போதவில்லை என்றால் இன்னொரு வாளி. இப்படிச் செய்தால் ஒரு பிளக் அடைத்திருந்தாலும் கிளைகால் காப்பாற்றும். கிளைகால் சற்று நீர்த்தாலும் வடித்தது காப்பாற்றும்.

ஹீட் எக்ஸ்சேஞ்சர் இல்லாமல், ஏரிநீரே பிளாக்குக்குள் சுற்றும் பழைய யான்மார் ஜிஎம் போன்ற எஞ்சின்களில் இன்னொரு கண்ணி உண்டு. எஞ்சின் குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாட் மூடியே இருக்கும். கிளைகால் பைபாஸ் வழியாக வெளியேறிவிடும். எக்ஸாஸ்ட்டில் சிவப்பு கொட்டும். பிளாக்கில் தண்ணீர் அப்படியே நிற்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஊற்றுங்கள், அல்லது பிளாக் பிளக்கைத் திறந்து வடித்துவிடுங்கள்.

கிளைகால் போன பிறகு இம்பெல்லரைக் கழற்றி வையுங்கள். ஆறு மாதம் ஒரே நிலையில் அமுங்கிய இறக்கைகள் அப்படியே வளைந்துவிடும். மூடிய சுற்றில் உள்ள கூலன்ட் வேறு கதை: பாதிக்குப் பாதி எத்திலீன் கலவை மைனஸ் 37 வரை தாங்கும். அளந்து பார்ப்பது ஒரு துளி வேலை.

டியூனிங்: இலையுதிர்காலத்திலா, வசந்தத்திலா?

பலர் வசந்தத்துக்குத் தள்ளிப்போடுகிறார்கள். அது தவறான பருவம். டீசலில் ஸ்பார்க் பிளக் இல்லை. குறை என்ன என்பது முழுச் சுமையில் ஓடும்போதுதான் தெரியும். கரையில் நிற்கும் படகில் அந்தச் சோதனை நடக்காது.

செப்டம்பர் கடைசியில், டாங்க் நிறைய டீசலோடும் வழக்கமான ஆட்களோடும் எஞ்சினைச் சூடாக்கி, ஒரு நிமிடம் முழு திராட்டில் கொடுங்கள். 2800 ஆர்பிஎம் மதிப்பிடப்பட்ட 330 குதிரைத்திறன் 6பிடிஏ, 2800-ஐத் தொட வேண்டும். சற்றுத் தாண்டினால் இன்னும் நல்லது. 2600-ல் நின்றால் எஞ்சின் தன் சக்திக்கு மீறிய சுமையைத் தள்ளுகிறது. ஆர்பிஎம் காட்டும் பழைய டாக்கோமீட்டர்கள் பொய் சொல்லும். லேசர் மீட்டரில் சரிபார்த்த பிறகே மற்றதைச் சந்தேகிக்கலாம். திராட்டில் கேபிள் பம்பின் கடைசி நிறுத்தம் வரை போகிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா, அடிப்பாகம் பாசி பிடித்திருக்கிறதா, கடைசியாக புரொப்பெல்லரின் பிட்ச் (இறக்கைச் சாய்வு) அதிகமா என்று இதே வரிசையில் பாருங்கள். நேரே புரொப்பெல்லர் கடைக்கு ஓடுபவர்கள்தான் அதிகம்.

சுமையில் கரும்புகை என்றால் காற்றுக்குறைவு அல்லது மிகைச்சுமை: ஏர் ஃபில்டர், டர்போ, அழுக்கேறிய ஆஃப்டர்கூலர், கார்பன் அடைத்த எல்போ. குளிர்ந்த எஞ்சினில் சில நிமிடம் வெண்புகை இயல்பு. சூடான பிறகும் நின்றால் இன்ஜெக்டரையோ கம்ப்ரெஷனையோ பாருங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. இதையெல்லாம் அக்டோபரில் குறித்து வைத்தால் பாகம் வரவழைக்க ஆறு மாதம் கிடைக்கும்.

எஞ்சின் ஆயிலும் இலையுதிர்காலத்தில்தான். ஓடிய ஆயிலில் எரிப்பின் அமிலமும் ஈரமும் இருக்கும். குளிர்காலம் முழுக்க அது பேரிங்குகளில் ஊறக் கூடாது. சூடாக இருக்கும்போதே டிப்ஸ்டிக் குழாய் வழியாக உறிஞ்சுங்கள். 6பிடிஏ-வுக்கு சுமார் 14 லிட்டர் 15டபிள்யூ-40 வேண்டும். கியர் ஆயில் பால் போல வெளுத்திருந்தால் கூலர் உள்ளே ஓட்டை. அதைக் கண்டுபிடிக்க வசந்தம் வரை காத்திருக்காதீர்கள்.

வால்வு இடைவெளி எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இன்டேக் 0.25, எக்ஸாஸ்ட் 0.51 மில்லிமீட்டர். இது மட்டும் ஆண்டுதோறும் வேண்டியதில்லை. கரையில் நிற்கும்போதும் பார்க்கலாம். அறிகுறி இல்லாமல் இன்ஜெக்டரைக் கழற்றுவது வீண் வேலை. காமன் ரெயில் எஞ்சினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) உயர் அழுத்தக் குழாயைச் சொந்தமாகத் தளர்த்தவே கூடாது.

டாங்குக்கும் எஞ்சினுக்கும் இடையில் வைக்கும் ரேகார் டீசல் ஃபில்டரில் 30 மைக்ரான் சிவப்பு, 10 நீலம், 2 பழுப்பு. முதல் ஃபில்டருக்கு 2 போட்டால் சீக்கிரம் அடைக்கும்; நுண்ணிய வேலையை எஞ்சினின் ஃபில்டர் செய்யட்டும். நீலம் போதும்.

டாங்கை நிரப்புவதா, காலியா?

நிரப்பச் சொல்பவர்கள் காட்டும் காரணம் ஈரப்பனிப்பு. அது உண்டு, ஆனால் டாங்குக்குத் தண்ணீர் வருவது பெரும்பாலும் டெக் மூடியின் நைந்த ஓ-ரிங் வழியாகத்தான். அதை மாற்றாமல் எந்தப் பக்கம் வாதிட்டும் பயனில்லை. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் மட்டத்தில்தான் நுண்ணுயிர்கள் வளர்ந்து கரும்பசையாகி ஃபில்டரை அடைக்கும்.

சுத்தமான டாங்கை 95 சதவீதம் நிரப்புங்கள். வெயில் ஏறினால் டீசல் விரியும், 400 லிட்டருக்கு 20 டிகிரி ஏற்றம் ஆறரை லிட்டர். பயோசைடை (நுண்ணுயிர்க்கொல்லி) டப்பாவில் சொன்ன அளவில் முதலில் ஊற்றி, அதன் மேல் நிரப்பி, ஃபில்டர் மாற்றி, கால் மணி நேரம் ஓடவிட்டால் மருந்து கலந்த டீசல் இன்ஜெக்டர் வரை போய்விடும். கிளைகால் ஊற்றும் முன்பே இது முடிந்திருக்க வேண்டும். கோடை டீசல் குளிரில் மெழுகு பிடிப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். வெப்பம் ஏறினால் கரைந்துவிடும். பசை ஏற்கெனவே இருக்கும் டாங்க் என்றால் மாறாக, குறைந்த அளவில் விட்டு வசந்தத்தில் கழுவுங்கள்.

பேட்டரியும் மூடலும்

முழுதும் சார்ஜ் ஆன ஈய-அமில பேட்டரி இங்குள்ள எந்தக் குளிரிலும் உறையாது. வற்றியது மைனஸ் 10-க்குள்ளேயே உறைந்துவிடும். 12.7 வோல்ட் காட்டும்வரை சார்ஜ் செய்து, இணைப்புகளைக் கழற்றிவிட்டால் படகிலேயே இருக்கலாம். 60 கிலோ பேட்டரியை ஏணியில் இறக்கி முதுகை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. லித்தியமும் இருக்கலாம், ஆனால் 0 டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது.

ஷ்ரிங்க்ராப் (சூடேற்றி இறுக்கும் பிளாஸ்டிக் உறை) இறுக்கமாக நிற்கும், காற்றில் ஆடாது. ஆனால் ஒரு பருவத்தோடு குப்பை. காற்றுத் துளைகள் வைக்காவிட்டால் உள்ளே பூஞ்சை. அளவெடுத்துத் தைத்த கேன்வாஸுக்கு முதலில் நிறைய பணம் போகும், பல ஆண்டு உழைக்கும். நான்கு ஆண்டுக்கு மேல் இதே படகை வைத்திருக்கப்போகிறவர் கேன்வாஸ் வாங்கலாம். கடைத் தார்ப்பாலினை எடுத்தால் சட்டகம் போட்டுச் சரிவாகக் கட்டுங்கள். அதன் கயிற்றை மட்டும் படகைத் தாங்கும் ஜாக் ஸ்டாண்டில் கட்டாதீர்கள். காற்றில் தார்ப்பாலின் இழுக்க, ஸ்டாண்ட் நழுவி, படகு சாயும். ஸ்டாண்டுகளை இரண்டிரண்டாகப் படகுக்கு அடியில் சங்கிலியால் பிணைத்திருக்கிறார்களா என்பதையும் யார்டு ஆட்கள் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.