பேங்ஸை வீட்டில் வெட்டலாம், லேயரை?

தீபாவளிக்கு முந்தின வாரம் இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனில் எந்த சலூனுக்குப் போனாலும் வாசல்வரை கூட்டம் இருக்கும். தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து, அரை நாள் காத்திருந்து, அரை அங்குலம் முன்முடி வெட்டிக்கொண்டு திரும்ப யாருக்குத்தான் மனசு வரும்? அதனால் பலரும் கத்தரிக்கோலும் ஃபோனில் ஒரு வீடியோவுமாகக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். உட்காரலாம், தப்பே இல்லை. ஆனால் அந்த வீடியோக்களில் நெற்றிப் பக்கம் விழும் முன்முடியான பேங்ஸையும், முடியைப் படிப்படியாக வேறுவேறு நீளத்தில் வெட்டும் லேயரையும் ஒரே மூச்சில் வெட்டி முடித்துவிடுகிறார்கள். முதலாவதை நீங்களே செய்யுங்கள் என்பேன். இரண்டாவதற்கு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.

முதலில் பேங்ஸ். இதிலேயே இரண்டு கட்சி உண்டு. நெற்றியை மூடி நேர்கோடாக விழுவது ஒன்று. நடுவில் பிரிந்து இரண்டு பக்கமும் திரைச்சீலை மாதிரி ஒதுங்குவது மற்றது. அகன்ற நெற்றியை மறைக்க 1960இல் இந்தி நடிகை சாதனா வெட்டிக்கொண்டாரே, நம் பாட்டிமார் காலத்தில் 'சாதனா கட்' என்று ஊரெல்லாம் பேசப்பட்டதே, அதுவும் நெற்றியில் விழும் வகைதான். பார்க்க அழகு, வைத்துக் காப்பது பெரும்பாடு. முடி மாதத்துக்கு ஏறக்குறைய அரை அங்குலம் வளரும். மூன்று நான்கு வாரத்தில் கண்ணைக் குத்தும். கோடு ஒரு நூல் கோணினாலும் எதிரில் நிற்பவருக்குத் தெரியும். தேங்காயெண்ணெய் வைக்கும் தலையென்றால் சாயங்காலத்துக்குள் நெற்றியோடு ஒட்டிக்கொள்ளும். தலையில் துணி போட்டு, அதன்மேல் கூடைக் கயிற்றை மாட்டிக் கொழுந்துக்குப் போகிறவர்களுக்கு இது சரிப்பட்டு வராது.

பிரிந்து விழும் பேங்ஸ் அப்படியில்லை. கோணல் இருந்தாலும் ஒதுங்கிய முடிக்குள் மறைந்துவிடும், வளர்ந்தால் காதோரம் தள்ளிக் கிளிப் போடலாம். வீட்டில் முதல் தடவை வெட்டுகிறவருக்கு இதுதான் என் ஓட்டு.

எவ்வளவு முடியை எடுப்பது என்பதில்தான் நிறையப் பேர் சொதப்புகிறார்கள். சீப்பைத் தட்டையாக உச்சியில், முன்னிருந்து பின்னாக வையுங்கள். முன்பக்கம் எந்த இடத்தில் மண்டை வளைந்து சீப்பை விட்டு இறங்குகிறதோ, அதுதான் வெட்டவேண்டிய முக்கோணப் பகுதியின் முனை. அங்கிருந்து இரண்டு புருவங்களின் வளைவுக்கு நேராகக் கோடு பிரித்து, மற்ற முடியை இறுகக் கட்டிவிடுங்கள். முக்கோணத்து முடியைச் சீவி முகத்தோடு ஒட்டினாற்போல் கீழே பிடியுங்கள். மேலே தூக்கவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். முதல் வெட்டு மூக்கு நுனியளவில் இருக்கட்டும். கத்தரிக்கோலைப் படுக்கவைக்காமல் நட்டுக்குத்தாகப் பிடித்து, நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்துங்கள். பிறகு விட்டுப் பார்த்து, வேண்டுமானால் இன்னும் மேலே போகலாம்.

முடியை முறுக்கி ஒரே வெட்டாக வெட்டும் முறையும் வீடியோக்களில் வரும். அது பிரிந்து விழும் பேங்ஸுக்கு மட்டும் பொருந்தும். பக்கத்து முடி நடுவுக்கு வந்துசேர அதிக தூரம் நீள்கிறது, அதனால் வெட்டிவிட்டதும் ஓரம் நீளமாகவும் நடு குட்டையாகவும் நிற்கும். நேர்கோடு வேண்டுமென்பவர் முறுக்கினால் கோடு கெட்டுவிடும்.

ஈரமாக வெட்டுவதா, காயவைத்தா? சலூனில் ஈரமாக வெட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டு நாமும் தலை நனைத்து உட்காருகிறோம். அவர்களுக்குக் காய்ந்ததும் முடி எவ்வளவு ஏறும் என்ற கணக்கு கைப்பழக்கத்தில் இருக்கிறது. தண்ணீர் பட்டால் முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் அவிழ்கின்றன, முடி இழுத்த இழுப்புக்கு நீளும். காய்ந்ததும் பிணைப்பு திரும்பக் கூடி, முடி மேலே ஏறும். புருவத்தளவு வெட்டினது புருவத்துக்கு மேலே நிற்பது இதனால்தான். காற்றின் ஈரமும் இதே வேலையைக் கொஞ்சம் செய்யும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே பனி இறங்கும் காலையில் லேசான சுருட்டையும் எழும்பி நிற்கும். வைகாசி ஆனியில் தென்மேல் மழை பிடிக்கும்போது ஹட்டன், தலவாக்கலையிலும் அதே கதை. அதே மாதங்களில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் காய்ந்து கிடக்கும், அங்கே இந்தத் தொல்லை குறைவு. ஆகவே எண்ணெய் போகக் கழுவி, தானாகக் காயவிட்டு, தினமும் வெளியே போகும் கோலத்திலேயே வெட்டுங்கள். மழைநாளுக்கென்று இன்னும் அரை விரல் நீளம் விட்டுவையுங்கள்.

கத்தரிக்கோலுக்கு நீட்டி முழக்க ஒன்றுமில்லை. சமையலறைக் கத்தரிக்கோல் முடியை வெட்டாமல் முன்னுக்குத் தள்ளும், நுனி நசுங்கிப் பிளக்கும். முடி வெட்டுவதற்கென்றே விற்கும் ஐந்தரை அல்லது ஆறு அங்குலக் கத்தரிக்கோல் ஒன்று வாங்கி, அதால் பேப்பர் வெட்டக்கூடாதென்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். பிளேடு வேண்டவே வேண்டாம், ஈரக்காற்றில் நுனி பஞ்சாகிவிடும்.

இனி லேயர். வீட்டு முறையில் பெரும்பாலும் குதிரைவால் வித்தைதான். எல்லா முடியையும் முன்னே கொண்டுவந்து நெற்றிமேல் கட்டி நுனியை வெட்டினால், பின்முடி நீளமாகவும் முகத்தோரம் குட்டையாகவும் படியிறங்கும். உச்சியில் கட்டி வெட்டினால் மேல்முடி குட்டையாகி, சுற்றிலும் லேயர் விழும். தோளுக்குச் சற்றுக் கீழே வரும், மெல்லிய, நேரான முடிக்கு இரண்டும் ஓரளவு சரிவரும். இரண்டில் நெற்றிக்கட்டு பரவாயில்லை, கெட்டாலும் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் கெடும்.

நம் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு இடுப்புவரை அடர்த்தியான முடி. அதை ஒரே கட்டாகப் பிடித்தால் கத்தரிக்கோல் வழுக்கும், வெட்டு சரிவாகும், முன்படிக்கும் பின்படிக்கும் நடுவே பெரிய பள்ளம் விழும். அப்புறம் பின்னல் இருக்கிறதே! பாடசாலைக்கு இரட்டைப் பின்னல் போடுகிற பிள்ளைக்குக் குட்டையான லேயர் பின்னலுக்குள் நிற்காது, வழிநெடுக முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். தவறின் விலையையும் பாருங்கள். பேங்ஸ் ஓர் அங்குலம் ஏறிவிட்டால் இரண்டு மாதம் கிளிப் போட்டுச் சமாளிக்கலாம். காதளவில் விழுந்த லேயர் தோளைத் தொட ஒரு வருஷம் ஓடிவிடும்.

சலூனில் முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் எந்தக் கோணத்தில் தூக்குவது என்று பார்த்து வெட்டுகிறார்கள். தன் பின்னந்தலையை அப்படித் தானே தூக்கிப் பிடிக்க யாருக்கும் கை எட்டாது. அதனால் லேயருக்குக் காசு கொடுங்கள். சுருட்டை முடிக்காரர் கட்டாயம் கொடுங்கள். காய்ந்த முடியில் சுருள் சுருளாக வெட்டத் தெரிந்தவரா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். நீளமுடிக்காரர் வழக்கமாகப் போடும் பின்னலோடேயே போய், அது தொடங்குகிற இடத்தைத் தொட்டுக்காட்டி, "அக்கா, குட்டையான லேயரும் பின்னலுக்குள்ள அடங்குற நீளத்துல இருக்கணும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.